டிங் செய்த தவறால்தான் குகேஷ் ஜெயித்தாரா? டிசம்பர் 11 முதல் 18 வரை நடந்தவை பற்றி

நீங்கள் கேட்டிருப்பது நாலு கேள்வி. குகேஷ் செஸ் உலக சாம்பியன் ஆனது, அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் கடைசியில் செய்த தவறால்தானே என்பது ஒன்று. அஷ்வின் ஆஸ்திரேலிய கிரிக்கெட் தொடரின் பாதியில் ஓய்வை அறிவித்துவிட்டுக் கிளம்பியது சரியா என்பது இரண்டு. 2034 கால்பந்து உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்குப் போனதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்பது மூன்று. 2024 டிசம்பர் 11 முதல் 18 வரையிலான இந்த ஒரு வாரத்தில் வேறு எதையாவது கவனிக்காமல் விட்டோமா என்பது நாலு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்ல எனக்கு வராது, செஸ்ஸுக்கும் அஷ்வினுக்கும்தான் அதிகம் எழுதப்போகிறேன். ஆனால் நாலையும் பற்றி ஊரில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு ஒரே குறைதான் தெரிகிறது: கடைசி நிமிடத்தில் நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

முதலில் குகேஷ். சிங்கப்பூர் செந்தோசாவில் டிசம்பர் 12 அன்று நடந்தது 14-வது, அதாவது கடைசி ஆட்டம். இருவருக்கும் ஆறரைப் புள்ளிகள். டிங்குக்கு வெள்ளைக் காய்கள். அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தால் மறுநாள் வேக செஸ்ஸில் டை-பிரேக், அதாவது சமநிலையை முறிக்கும் ஆட்டங்கள். அங்கே டிங்கின் கைதான் ஓங்கியிருக்கும் என்பது பெரும்பாலானவர்களின் கணிப்பு, என் கணிப்பும் அதுதான். 2023-ல் அஸ்தானாவில் அவர் நெப்போம்னியாச்சியை வென்று பட்டம் எடுத்ததே டை-பிரேக்கில்தானே. இந்த நிலையில் 55-வது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று குகேஷிடம் நீட்டினார். யானைகள் போனதும் குகேஷ் மந்திரியை (பிஷப்) நடுவில் டி5-இல் வைத்தார். டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் ஒதுங்கியிருந்ததால் அது தப்பிக்க இடமில்லை, மந்திரிகளும் போயின. மிச்சம் இருந்தது ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷிடம் இரண்டு சிப்பாய், டிங்கிடம் ஒன்று. அப்படிப்பட்ட எண்ட்கேம் (கடைசிக்கட்ட ஆட்டம்) டிங்குக்குத் தோல்விதான் என்பது செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 58-வது நகர்வோடு டிங் கைகொடுத்துவிட்டார். ஏழரைக்கு ஆறரை.

இதைத்தான் 'ஒரே ஒரு பிளண்டர், அதனால் பட்டம்' என்கிறார்கள். அந்த நகர்வு பெரிய தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தவறு நடக்கும் அளவுக்கு அந்த ஆட்டம் ஏன் நீண்டது என்று கேளுங்கள். யானை, மந்திரி, குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். இந்த மாதிரி நிலை பத்துக்கு ஒன்பது முறை டிராவில்தான் முடியும் என்று வர்ணனையாளர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டை-பிரேக்கை நினைத்துப் பயந்தோ, களைத்துப்போயோ, இன்னொரு பையனாக இருந்தால் முன்னாலேயே சமாதானமாகப் போயிருப்பான். குகேஷ் நகர்த்திக்கொண்டே இருந்தார். அவர் கடிகாரத்தில் நேரம் தாராளமாக மிச்சம் இருந்தது, டிங்கின் கடிகாரத்தில் இல்லை. களைத்த ஒருவரிடம், நேரம் குறைந்த ஒருவரிடம், நாலு மணி நேரம் கழித்தும் 'இன்னும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், இன்னும் ஒன்றுக்கு' என்று கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு அது.

இந்தப் போட்டி முழுக்க அவர் அப்படித்தான் ஆடினார். முதல் ஆட்டத்திலேயே வெள்ளைக் காய்களோடு தோற்றார், டிங் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க முறையை ஆடி ஜெயித்தார். பதினெட்டு வயதில் உலகப் பட்டப் போட்டியின் முதல் நாளே தோற்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது ஆட்டத்தில் திருப்பிக் கொடுத்தார், டிங்கின் நேரம் தீர்ந்தது. ஏழாவது ஆட்டத்தில் வெற்றிக்கு மிக அருகே போய், ஐந்து மணி நேரத்துக்கு மேல் போராடி டிராவில் முடிந்தது. எட்டாவது ஆட்டத்தில் நிலைமை தனக்குச் சாதகமாக இல்லாதபோதும் நகர்வுகளைத் திரும்பச் செய்து டிரா எடுக்க மறுத்தார். அது சரியான முடிவா என்று அன்றைக்கு எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனால் எதிராளிக்கு ஒருநாளும் சுலபமான மாலை கிடையாது என்று அவர் காட்டிவிட்டார். பதினொன்றாவதில் ஜெயித்து முன்னிலை எடுத்தவர் பன்னிரண்டாவதில் நசுங்கித் தோற்றார், அந்த ஆட்டத்தில் டிங் ஆடியது உண்மையிலேயே உலக சாம்பியன் ஆட்டம். அடுத்த ஆட்டத்தில் குகேஷ் மறுபடியும் முழு மூச்சோடு ஆடினார், அது டிரா.

டிங்கையும் குறைத்துப் பேசக்கூடாது. பட்டம் வென்ற பிறகு மனநலச் சிக்கல்களோடு போராடியவர், ஆண்டின் பெரும்பகுதி கிளாசிக்கல் ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்காமல் சிங்கப்பூருக்கு வந்தவர், கடைசி நாள் வரை சமமாக நின்றார். அவரிடம் நான் கண்ட குறை ஒன்றுதான். நல்ல நிலை கிடைத்தபோதும் சில ஆட்டங்களில் டிராவுக்கு அவசரப்பட்டார். கடைசித் தவறும் அதே அவசரத்தின் தொடர்ச்சிதான். காய்களை மாற்றிக்கொண்டே போனால் சீக்கிரம் டிரா ஆகிவிடும் என்ற எண்ணம்தான் அந்த யானையை எஃப்2-வுக்குக் கொண்டுபோனது.

விளாதிமிர் கிராம்னிக் இந்தப் போட்டியின் தரத்தைக் கடுமையாகத் தாக்கினார், நமக்குத் தெரிந்த செஸ் முடிந்துவிட்டது என்கிற அளவுக்கு. 2000-ல் லண்டனில் காஸ்பரோவையே வீழ்த்திப் பட்டம் எடுத்த மனிதர், அவர் கருத்துக்கு எடை உண்டு. ஆனால் 2006-ல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் கணினியோடு ஆடியபோது, உலக சாம்பியனாக இருந்த அதே கிராம்னிக் ஒரே நகர்வில் மேட் ஆவதைக் கவனிக்காமல் விட்டார். 2014-ல் சோச்சியில் நடந்த பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் நார்வேயின் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார், அடுத்த நிமிடமே நம்ம ஆனந்த் அதைப் பார்க்காமல் வேறு சிப்பாயைத் தள்ளினார், இருவருமே தவறு. அந்த ஆட்டத்தைக் கார்ல்சன் ஜெயித்தார், பட்டத்தையும் தக்கவைத்தார். அவர் பட்டத்தை யாரும் பரிசு என்று சொன்னதில்லை. மனிதர்கள் ஆடும் உலகப் பட்டப் போட்டி எதுவும் தவறு இல்லாமல் நடந்ததில்லை.

ரஷ்ய செஸ் கூட்டமைப்பின் தலைவர் ஆந்திரேய் ஃபிலாத்தவ், டிங் வேண்டுமென்றே தோற்றார் என்ற தொனியில் விசாரணை கேட்டது அதைவிட மோசம். டிங் அந்த மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த யாருக்கும் அப்படிச் சொல்ல மனசு வந்திருக்காது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அதை ஏற்கவில்லை, நல்லது.

சரி, குகேஷ்தான் இன்று உலகின் மிகச்சிறந்த வீரரா? இல்லை, அது கார்ல்சன்தான். ஜெயித்த அன்றைக்கே குகேஷ் தன் வாயால் அதைச் சொன்னார். கார்ல்சன் தன் விருப்பப்படி பட்டப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார், அது குகேஷின் குற்றம் ஆகாது. உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொரான்டோ கேண்டிடேட்ஸில் 14-க்கு 9 எடுத்து முதலிடம், புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் முதல் பலகையில் 10-க்கு 9 எடுத்து இந்தியாவுக்குத் தங்கம், அப்புறம் இந்தப் பட்டம். ஒரே ஆண்டில் இவ்வளவும். 1985-ல் 22 வயதில் காஸ்பரோவ் படைத்த இளம் உலக சாம்பியன் சாதனையை நாலு வயது குறைத்து முறியடித்திருக்கிறார்.

இன்னொரு சண்டை, அவர் தமிழரா தெலுங்கரா என்பது. இரண்டு மாநில முதல்வர்களும் வாழ்த்துச் சொன்ன விதத்திலிருந்தே அது கிளம்பியது. தெலுங்குக் குடும்பம், பிறந்து வளர்ந்தது சென்னை. இரண்டு பேரும் சந்தோஷப்படலாம், அதில் எதுவும் குறைந்துவிடாது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் இந்த ஊரில் விதை போட்டார். சோவியத் கலாசார மையத்தில் நடந்த தால் செஸ் கிளப்பில் சின்னப் பையன் ஆனந்த் ஆடினார். 2013-ல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியபோது பார்வையாளர் பக்கத்தில் ஏழு வயது குகேஷ் உட்கார்ந்திருந்தார். முகப்பேர் வேலம்மாள் பள்ளி, விஷ்ணு பிரசன்னாவின் பயிற்சி, 2020-க்குப் பிறகு ஆனந்தின் வெஸ்ட்பிரிட்ஜ் அகாடமி, 2023 கடைசியில் கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெற உதவிய சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி. அந்தப் போட்டியைக் கடைசி நேரத்தில் குகேஷுக்காகவே நடத்தினார்கள் என்று அப்போது குறை சொன்னார்கள். நடத்தினால் என்ன? அதில் வலுவான கிராண்ட்மாஸ்டர்கள் ஆடினார்கள், அவர்களை முந்தித்தானே அவர் முதலிடம் எடுத்தார். ஒரு மாநிலம் தன் பிள்ளைக்கு வாசலைத் திறந்து வைப்பது அதன் கடமை என்பதுதான் என் கருத்து.

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. என் அண்ணன் மகன் படிக்கும் செஸ் வகுப்பில் இந்த வாரம் புதிதாகச் சேர்க்க வந்தவர்கள் கூட்டம் தாங்கவில்லையாம், ரொம்ப நல்லது. ஆனால் குகேஷின் அப்பா ரஜினிகாந்த் காது மூக்குத் தொண்டை மருத்துவர், மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தியவர். அம்மா பத்மா நுண்ணுயிரியலாளர், அந்தக் காலத்தில் வீட்டுச் செலவு அவர் சம்பளத்தில் ஓடியது. பணம் போதாதபோது நண்பர்கள் உதவினார்கள். நாலாம் வகுப்புக்குப் பிறகு பையன் வழக்கமான பள்ளிப் படிப்பை நிறுத்தினான். அது பலித்துவிட்டது என்பதால் அதை எல்லா வீட்டிலும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. பள்ளியை விட்டுவிட்டு ரேட்டிங் 1800-இலேயே நின்றுபோன பிள்ளைகளும் இதே ஊரில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

தமிழக அரசு அவருக்கு 5 கோடி அறிவித்ததைப் பற்றி முணுமுணுப்பு கேட்கிறது. கொடுக்கட்டும், தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்து வந்த காசிமாவும் இதே சென்னைப் பிள்ளைதான், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தப் பெண்ணுக்கும் கை நிறையக் கொடுக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததைக் குறை சொல்வதைவிட இன்னொருவருக்குக் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்து அஷ்வின். டிசம்பர் 18, பிரிஸ்பேன் டெஸ்ட் மழையில் கரைந்து டிரா ஆன அன்றைக்கு, ரோஹித் சர்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஓய்வை அறிவித்துவிட்டு, கேள்விகளுக்குக்கூட நிற்காமல் போனார். தொடர் 1–1 என்று இருக்கும்போது, மெல்போர்னும் சிட்னியும் பாக்கி இருக்கும்போது. 'தொடர் முடிந்ததும் சொல்லியிருக்கலாமே', 'சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு விடை பெற்றிருக்கலாமே' என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. சேப்பாக்கத்தில் அத்தனை பேரும் எழுந்து நிற்க அவர் கடைசி ஓவரை வீசி முடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சென்னைக்காரனுக்கு ஆசை இருக்காது?

ஆனால் அவர் இடத்தில் நின்று பாருங்கள். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஷ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட், மூன்று வெவ்வேறு சுழற்பந்து வீச்சாளர்கள். அடுத்த இரண்டிலும் தனக்கு இடம் உறுதியில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? 38 வயதில், 106 டெஸ்ட் ஆடி முடித்த ஒருவர் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு இரண்டு டெஸ்ட்டைக் கழிக்க வேண்டிய அவசியமில்லை. நியூசிலாந்து இங்கே வந்து 3–0 என்று நம்மை அடித்துவிட்டுப் போன தொடரில் அவருக்கு விழுந்தது 9 விக்கெட்தான், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த மண்ணில் தோற்ற முதல் தொடர் அது. தன் பந்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவரைவிட நன்றாகக் கணக்குப் போடக்கூடியவர் இந்திய அணியில் இருந்ததில்லை. அவர் கணக்குப் போட்டு எடுத்த முடிவு இது, நான் அதை மதிக்கிறேன்.

என் கோபம் இந்த ஒரு தொடரைப் பற்றியது இல்லை, அதற்கும் பழையது. 2021-ல் இங்கிலாந்தில் நாலு டெஸ்ட் நடந்தது, அஷ்வின் ஒன்றில்கூட இல்லை. 2023 ஓவல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி, டெஸ்ட் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்து வீச்சாளர், ஆடும் பதினொருவரில் இல்லை. எதிரணியில் டேவிட் வார்னர், உஸ்மான் கவாஜா, டிராவிஸ் ஹெட், அலெக்ஸ் கேரி என்று இடது கை பேட்ஸ்மேன்கள். டெஸ்ட் வரலாற்றில் இடது கைக்காரர்களை அதிகம் வெளியேற்றிய பந்து வீச்சாளரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அந்த இறுதிப் போட்டியைத் தோற்றோம், ஹெட் சதம் அடித்தார். வெளிநாட்டில் அஷ்வின் சரிப்பட மாட்டார் என்ற முத்திரை முதல் சில பயணங்களிலேயே குத்தப்பட்டது, அப்புறம் அவர் எவ்வளவு மாறினாலும் அது அழியவில்லை. 2020–21 ஆஸ்திரேலியத் தொடரில் ஸ்டீவ் ஸ்மித்தை அவர் கட்டிப்போட்டதைப் பார்த்தவர்கள் இந்த முத்திரையை நம்பியிருக்க முடியாது.

எண்களைச் சொல்லாமல் போகவும் முடியாது. 537 விக்கெட், இந்தியாவில் கும்ப்ளேயின் 619-க்கு அடுத்தது. 37 முறை ஐந்து விக்கெட். 3503 ரன், 6 சதம். 11 முறை தொடர் நாயகன், முரளிதரனுக்குச் சமம். சும்மா சுழல் களத்தில் எடுத்த விக்கெட்டுகள் என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி: அதே களங்களில் அதே காலத்தில் உலகின் எத்தனை பேர் வந்து வீசினார்கள், எத்தனை பேர் இவர் அளவுக்கு எடுத்தார்கள்? பென் ஸ்டோக்ஸ் 13 முறை இவரிடம் அவுட். அது களம் எடுத்த விக்கெட் இல்லை. ஒரு ஆளைப் பல வருஷம் படித்து, காலை எப்போது நீட்டுவார், எப்போது பின்வாங்குவார் என்று தெரிந்துகொண்டு, கிரீஸில் இரண்டு விரற்கடை தள்ளி நின்று வீசுகிறவர் எடுத்த விக்கெட்.

அவருடைய கேரம் பால் சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்தில் பையன்கள் போடும் 'சொடுக்கு பந்து'தான். மேற்கு மாம்பலத்தில் தொடக்க பேட்ஸ்மேனாக ஆரம்பித்த ஒருவர், தெருவில் பார்த்ததை எடுத்து, முதல் டிவிஷன் லீக்கில் பழகி, 2011-ல் டெல்லியில் முதல் டெஸ்ட்டிலேயே ஒன்பது விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். 2024-ஐ மட்டும் பாருங்கள். ராஜ்கோட்டில் 500-வது விக்கெட்டை எடுத்த கையோடு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னைக்கு ஓடி வந்து, அதே டெஸ்ட்டுக்குத் திரும்பிப் போனார். தரம்சாலாவில் நூறாவது டெஸ்ட், ஒன்பது விக்கெட். செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 144 ரன்னுக்கு 6 விக்கெட் போன நிலையில் இறங்கி 113, அப்புறம் 88 ரன்னுக்கு 6 விக்கெட். எனக்கு அதுதான் அவருடைய விடைபெறும் டெஸ்ட், அவரும் நாமும் அன்றைக்கு அதைச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது விக்கெட் எதையும் இல்லை. 2021 ஜனவரி சிட்னி, ஐந்தாம் நாள். முதுகு வலியில் அன்று காலை குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத மனிதர், தொடைத் தசை கிழிந்த ஹனுமா விஹாரியோடு சேர்ந்து ஆட்டம் முடியும் வரை நின்றார். 128 பந்தில் 39, ஆட்டமிழக்கவில்லை. உடம்பு முழுக்க அடி வாங்கினார். ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டது. அந்த டிரா இல்லாமல் அடுத்த வாரம் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் ரிஷப் பந்த்தின் வெற்றி ஓட்டத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது.

அதே காபாவில் இந்தத் தடவை நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அஷ்வின் செய்தியில் அது அமுங்கிப்போனது. ஃபாலோ-ஆன் (உடனே மறுபடியும் பேட் செய்ய வைக்கப்படுவது) தவிர்க்க 246 வேண்டும், கடைசி ஜோடி பும்ராவும் ஆகாஷ் தீப்பும். ஒன்பது விக்கெட் எடுத்த பும்ராதான் பேட்டிலும் நிற்க வேண்டியிருந்தது என்பது நம் மேல்வரிசை பேட்ஸ்மேன்கள் யோசிக்க வேண்டிய விஷயம். அவர்கள் நின்றார்கள், கோட்டைத் தாண்டினார்கள், தொடர் 1–1-இல் நின்றது.

சவூதி விவகாரத்துக்கு வருகிறேன். டிசம்பர் 11 அன்று ஃபிஃபா இணையவழிக் கூட்டம் போட்டு 2030-ஐ ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவுக்கும் 2034-ஐ சவூதிக்கும் கொடுத்தது. தனித்தனி வாக்கெடுப்பு கிடையாது, திரையில் எல்லாரும் கைதட்டினார்கள், முடிந்தது. அந்தக் கைதட்டலைப் பார்த்து எல்லாரும் இப்போது கொதிக்கிறார்கள். ஆனால் முடிவு எடுக்கப்பட்டது 2023 அக்டோபரிலேயே. 2030 போட்டியை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என மூன்று கண்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததும், கண்டச் சுழற்சி விதிப்படி 2034-க்கு ஆசியாவும் ஓசியானியாவும் மட்டுமே மிஞ்சின. விருப்பம் தெரிவிக்க ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசம். யோசித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியா கடைசி நாளில் விலகியது. அன்றைக்கே சவூதி ஜெயித்துவிட்டது, அப்போது இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நார்வே கால்பந்து சங்கம் மட்டும் இந்த நடைமுறை சரியில்லை என்று துணிந்து சொன்னது, அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஒரு அரபு நாடு நடத்தக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கால்பந்து உயிரோடு இருக்கிறது. கத்தாரில் சவூதி அணி மெஸ்ஸியின் அர்ஜென்டினாவை 2–1 என்று வீழ்த்தியதை நாம் எல்லாரும் பார்த்தோம். என் கவலை வேறு. அவர்கள் திட்டத்தில் 15 மைதானங்கள், பெரும்பாலானவை புதிதாகக் கட்ட வேண்டியவை. நியோம் என்ற புது நகரத்தில் ஒன்று தரையிலிருந்து 350 மீட்டர் உயரத்தில். இதையெல்லாம் யார் கட்டப்போகிறார்கள்? நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், அப்புறம் நம் ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும், ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம் கையில் ஒரு சம்பளம் என்பதும், மதிய வெயிலில் சாரத்தின் மேல் நிற்பதும் நம் ஊர்க் குடும்பங்களுக்குப் புதிய சங்கதி இல்லை. ஃபிஃபாவின் மதிப்பீட்டு அறிக்கை 500-க்கு 419.8 மதிப்பெண் போட்டு, மனித உரிமை ஆபத்து 'நடுத்தரம்' என்று எழுதிவிட்டது. போட்டிக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது. உடல் வந்து சேரும்போது இறப்புச் சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்று எழுதிவிட்டு மூடும் பழக்கத்துக்கு முடிவு கட்ட, இந்தியா உட்பட தொழிலாளர்களை அனுப்பும் நாடுகள் இப்போதே சேர்ந்து பேச வேண்டும். போட்டி தொடங்கும்போது பேசிப் பயனில்லை.

மான்செஸ்டர் டெர்பியைப் பற்றிச் சுருக்கமாக, அதாவது ஒரே ஊரின் சிட்டியும் யுனைடெட்டும் மோதும் கால்பந்து ஆட்டம். டிசம்பர் 15, சிட்டி 1–0 என்று 88-வது நிமிடம் வரை முன்னிலை. சிட்டியின் மாத்தேயுஸ் நூனெஸ் தப்பாகப் பந்தைப் பின்னால் கொடுத்து, அதைச் சரிசெய்யப் போய் யுனைடெட்டின் அமாத்தைத் தட்டிவிட்டு பெனால்டி, புரூனோ அடித்தார். 90-இல் அமாத் இரண்டாவது கோல். நூனெஸைத் திட்டுவது சுலபம். மிட்ஃபீல்டரைக் கொண்டுபோய் இடது பேக்கில் நிறுத்தும் நிலைமைக்கு அந்த அணி வந்ததும், செப்டம்பரில் ரோத்ரியின் முழங்கால் போனதிலிருந்து நடுவில் யாரும் இல்லாததும்தான் காரணம். பதினொரு ஆட்டத்தில் ஒரே வெற்றி. ஒரு வீரரின் மேல் இவ்வளவு பாரத்தை வைத்துக் கட்டிய அணிக்கு இது வரத்தான் செய்யும். அதே ஆட்டத்துக்கு ராஷ்ஃபோர்டையும் கர்னாச்சோவையும் வெளியே உட்கார வைத்த, அப்போது யுனைடெட் பயிற்சியாளராக இருந்த அமோரிமின் துணிச்சல் எனக்குப் பிடித்தது.

கவனிக்காமல் விட்டது என்ன என்று கேட்டீர்களே, அதே டிசம்பர் 15-ஐத்தான் சொல்வேன். பெங்களூரில் பெண்கள் பிரீமியர் லீக் ஏலம். பதினாறு வயது ஜி. கமலினி, அடிப்படை விலை 10 லட்சம், மும்பை இந்தியன்ஸ் 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. எல்லாச் செய்தியிலும் அந்தத் தொகைதான். அந்தப் பெண் அன்றைக்கே கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 44 அடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார் என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது. அதற்கு முன் உள்நாட்டு 19 வயதுக்குட்பட்டோர் டி20-யில் 8 ஆட்டங்களில் 311 ரன். விலையைப் பார்க்காமல் இந்த ரன்களைப் பாருங்கள். மதுரைப் பெண், இடது கைத் தொடக்க ஆட்டக்காரர், கீப்பிங்கும் உண்டு. தாராவியின் சிம்ரன் ஷேக்குக்கு குஜராத் 1 கோடியே 90 லட்சம் கொடுத்ததும் எனக்கு அதே அளவு சந்தோஷம், போன ஏலத்தில் யாரும் வாங்காமல் விட்ட பெண் அவர்.

அன்றைக்கே மஸ்கட்டில் ஜூனியர் பெண்கள் ஹாக்கி ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி. லீக்கில் நம்மைத் தோற்கடித்த அதே சீனா. 1–1, அப்புறம் ஷூட்-அவுட்டில் 3–2. கோல்கீப்பர் நிதி மூன்றைத் தடுத்தார். தொடர்ந்து இரண்டாவது முறையாகக் கோப்பை, அதற்குப் பதினொரு நாள் முன்பு அதே ஊரில் பையன்களும் பாகிஸ்தானை 5–3 என்று வென்று எடுத்தார்கள். அடுத்த நாள் பேப்பரில் நான் பார்த்தவரை உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி, அவ்வளவுதான்.

புரோ கபடி லீக்கில் நம் அணியான தமிழ் தலைவாஸ் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், நானே சொல்கிறேன். சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்து, முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்து, அப்புறம் 2024 பருவத்திலும் கீழ்ப்பாதியில்தான் தத்தளித்தார்கள். ஒரே ரெய்டரை நம்பி அணி கட்டினால் அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் புள்ளி எங்கிருந்து வரும்? டிஃபென்ஸுக்குச் செலவு செய்யுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறோம்.

ஹாக்கி இந்தியா லீக் ஏழு வருஷத்துக்குப் பிறகு 2024 டிசம்பர் 28-ஆம் தேதி ராவுர்கேலாவில் திரும்பத் தொடங்கியது, அந்தத் தடவை தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஒரு அணி இருந்தது. பெண்களுக்கும் முதல்முறையாக லீக் நடந்தது, ராஞ்சியில். மஸ்கட்டில் ஜெயித்த பெண்கள் சிலரும் அங்கே ஆடினார்கள். மெல்போர்ன் டெஸ்ட்டுக்கு நடுவில் தொடங்கியதால் தவறவிட்டிருந்தால், நேரம் கிடைக்கும்போது தேடிப் பாருங்கள்.